காரிலிருந்து தெற்கே ஐம்பது மீட்டர்

"பேட்டரியில எத்தனை கோடு இருக்குங்க?" என்று கேட்டார் தொலைபேசியில் வந்தவர். தன் பெயரைக்கூடச் சொல்லவில்லை.

"கோடா?" என்றார் ஒல்மான் சோலானோ.

"மின்சாரக் கார்தானே விக்கிறீங்க? புதுசுல பன்னிரண்டு கோடு காட்டும். தேயத் தேயக் குறையும். இப்ப எத்தனை மிச்சம் இருக்கு?"

"இருங்க, பார்த்துட்டு வந்து சொல்றேன்."

ஒல்மான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். வாசலுக்கு எதிரே, சாலையோரத்தில், ஏழு மாதமாக அசையாமல் நின்றிருந்தது அந்த வான்நீலக் கார். கதவைத் திறந்து, வழக்கம்போல ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, கையை நீட்டிப் பொத்தானை அழுத்தினார். கார் கண் திறக்கவில்லை. இன்னும் இரண்டு முறை அழுத்தினார். சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு நான்காவது முறையும் அழுத்திப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"ஐயா, கோடே தெரியலைங்க."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட."

எதிர்முனையில் தொடர்பு அறுந்தது.

கொஞ்சம் பூசி மெழுகத் தெரிந்தவராக இருந்தால் இத்தனை சங்கடம் வந்திருக்காது. ஆனால் ஒல்மான் முப்பத்தோரு வருடம் காப்பிப் பழம் அளந்தவர். கூலிக்காரர்கள் கொண்டுவரும் கூடைகளை அளவுப் பெட்டியில் கொட்டி, நிரம்பியதா இல்லையா என்று சொல்வதுதான் அவர் வேலை. அதில் யாருக்கும் ஒரு பழம் கூட்டியதுமில்லை, குறைத்ததுமில்லை. அந்தப் பழக்கம் நாக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

அவருக்குக் கார் ஓட்டவும் தெரியாது. ஓட்டியவள் தாமாரிஸ், அவர் மனைவி. முப்பது வருடம் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. ஐம்பத்தாறாவது வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டு, ஓய்வுபெற்றபோது கைக்கு வந்த பணத்தில் எங்கள் ஊரான பராய்சோவிலேயே முதலாவதாக ஒரு மின்சாரக் காரை வாங்கினாள். ஒரு கோடியே இருபது லட்சம் கொலோன். "பெட்ரோல் வேண்டாம், எண்ணெய் வேண்டாம், புகை இல்லை. இது ஓடுறதுக்குச் செலவே இல்லை" என்று தெரு முழுக்கச் சொன்னாள். பாதிரியார் வந்து தீர்த்தம் தெளித்தார். முன்கண்ணாடியின் மூலையில் கார்த்தாகோவின் கறுப்பு மாதா படத்தை ஒட்டினாள். ஆறு வருடம் அவள் ஓட்டினாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, வளைவு வரும்போதெல்லாம் "மெதுவா, மெதுவா" என்றார். அவள் மெதுவாகத்தான் ஓட்டுவாள். இருந்தாலும் சொன்னார்.

போன புனித வாரத்தில், வியாழக்கிழமை, அவள் போய்விட்டாள். அதற்குப் பிறகும் அவர் தினம் காலை காப்பிக் கோப்பையோடு போய் அதே இருக்கையில் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வருவார். ஓட்டுநர் இருக்கை அவள் குள்ளத்துக்கு ஏற்றபடி முன்னால் இழுத்து வைத்தது. அதை யாரும் நகர்த்தக் கூடாது என்பது அவர் கட்டளை.

அப்படிப்பட்ட காரை ஏன் விற்க வேண்டும்? கல்லறைக்காகத்தான்.

தாமாரிஸைப் புதைத்த இடத்தில் ஒரு சிமெண்டு மேடை இருந்தது. அதன்மேல் தாரால் 114 என்று எழுதியிருந்தது. பெயர் இல்லை. கார்த்தாகோவில் ஒரு பளிங்குக் கடையில் போய் விசாரித்தார். கடையின் விலாசம், பழைய சினிமாக் கொட்டகையிலிருந்து வடக்கே இருநூறு மீட்டர். கொட்டகை எரிந்துபோய் முப்பது வருடமாகிறது, ஆனாலும் விலாசம் கேட்டு யாரும் வழி தவறியதில்லை. கடைக்காரர் வெள்ளைப் பளிங்கும் பித்தளை எழுத்தும் பதிக்கிற கூலியும் சேர்த்து எட்டரை லட்சம் என்றார். ஓய்வூதியத்தில் அது நடக்காது.

"எதுக்குப்பா பளிங்கு? அம்மா கேட்டாங்களா?" என்று மகள் யோர்லேனி எரேதியாவிலிருந்து தொலைபேசியில் கேட்டாள். அவளுக்குக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை.

"முப்பது வருஷம் தினம் காலையில மத்தவங்க பேரைக் கூப்பிட்டவ அவ. அவ பேரு ஒரு இடத்துல எழுதியிருக்கணும். அதைப் பார்த்து யாராவது ஒருத்தர் வாய்விட்டுப் படிக்கணும். எனக்கு அவ்வளவுதாம்மா."

யோர்லேனி மூக்கை உறிஞ்சினாள். பிறகு அலுவலகக் குரலுக்கு மாறினாள். "அப்ப காரை வித்துடுங்க. அது ஓடினாலும் செலவு, நின்னாலும் செலவு. டிசம்பர்ல வரி கட்டணும், காப்பீடு கட்டணும், தகுதிச் சோதனைக்குக் கொண்டுபோகணும். டயர் நாலும் நின்ன இடத்துலயே தட்டையாகுது. மாசாமாசம் விலை வேற இறங்குது. எல்லாத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டேன். நின்னுக்கிட்டே நாளைக்கு மூவாயிரத்து நானூறு கொலோன் தின்னுதுப்பா."

"நானே அவ்வளவு தின்கிறதில்லை" என்றார் ஒல்மான்.

அறுபது லட்சம் என்று விலை போட்டு அவளே விளம்பரம் கொடுத்தாள். அதைப் பார்த்துத்தான் முதல் ஆள் கோடு கேட்டது.

கோடு தெரியவேண்டுமே. வடக்கே ஐம்பது மீட்டரில் பட்டறை வைத்திருக்கும் வாக்னரைக் கூப்பிட்டார். வாக்னர் ஆறடி உயரம், பெட்ரோல் எஞ்சினில் கெட்டிக்காரர். காரின் முன்மூடியைத் திறந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதுல எண்ணெய் எங்க ஊத்துறது?" என்றார்.

"ஊத்த வேண்டாம்."

"அப்ப நான் எதைப் பார்க்கிறது?"

கடைசியில் தன் பழைய வண்டியிலிருந்து கம்பி மாட்டி காரை எழுப்பினார். திரையில் ஒன்பது கோடு தெரிந்தது.

"பன்னிரண்டுக்கு ஒன்பது! பள்ளிக்கூடத்துல இது நல்ல மார்க்கு, தோன் ஒல்மான்" என்றார் வாக்னர். ஆண்களுக்குத் தோன், பெண்களுக்குத் தோன்யா என்பது எங்கள் ஊர் மரியாதை.

அடுத்து அழைத்தவரிடம் ஒல்மான் ஒன்பது என்று உள்ளதைச் சொன்னார். "அப்ப நாற்பது லட்சத்துக்கு மேல போகாது" என்றார் அவர்.

வாக்னர் யோசனை சொன்னார். "என் போனுக்கு இப்படித்தான் பண்ணுவேன். தினம் முழுசா ஏத்தணும், முழுசா இறக்கணும். ஒரு வாரத்துல கோடு திரும்பி வந்துடும் பாருங்க."

ஒரு வாரம் ஏற்றினார்கள். இறக்குவதற்காகக் காரை நிறுத்தியபடியே விளக்கு, குளிர்காற்று, ரேடியோ எல்லாவற்றையும் போட்டுவைத்தார்கள். ஒல்மான் உள்ளே உட்கார்ந்து, பகல் பூராவும் வானொலியில் செபமாலை கேட்டார். வாரக் கடைசியில் திரையில் எட்டு கோடு இருந்தது. அந்த மாத மின்கட்டணமும் இரண்டு பங்காக வந்தது.

"ஓடுறதுக்குச் செலவே இல்லைன்னு சொன்னியே" என்று மாதா படத்தைப் பார்த்துச் சொன்னார் ஒல்மான். சொன்னது மாதாவிடம் அல்ல. அன்றைக்கே சார்ஜர் கம்பியைச் சுருட்டி அலமாரியில் வைத்துவிட்டார்.

"கோடு போனா போகட்டும். வண்டி பார்க்க லட்சணமா இருந்தா வாங்குறவன் கோட்டைப் பார்க்க மாட்டான்" என்றார் வாக்னர்.

கோயில் கேட்டில் உரசி வலது பக்கக் கதவு நசுங்கியிருந்தது. அதைத் தட்டி நிமிர்த்திப் பெயிண்ட் அடிக்கக் காரைத் தன் பட்டறைக்குக் கொண்டுபோனார். அங்கேதான் பெரிய குழப்பம் ஆரம்பித்தது.

எங்கள் தெருவில் வீட்டு எண்ணைப் பார்த்து யாரும் வருவதில்லை. நகராட்சி ஒருமுறை தகடு அடித்துவிட்டுப் போனது. அதன்மேல் துணி காயப்போடுகிறோம். எல்லோருக்கும் தெரிந்த ஒன்றைச் சொல்லி, அதிலிருந்து எந்தத் திசையில் எத்தனை மீட்டர் என்பதுதான் விலாசம். ஆறு வருடமாக எங்கள் தெருவுக்கு அந்த ஒன்று, தோன்யா தாமாரிஸின் மின்சாரக் கார். எரிவாயு வேண்டுமானாலும், மருந்து வேண்டுமானாலும், கல்யாணப் பத்திரிகை வரவேண்டுமானாலும், "காரிலிருந்து தெற்கே ஐம்பது மீட்டர், பச்சைக் கதவு" என்று சொன்னால் போதும். அந்தப் பச்சைக் கதவு தோன்யா நிதியாவின் மூலைக்கடை.

இப்போது கார் ஐம்பது மீட்டர் வடக்கே போய் நின்றுகொண்டது. ஆகவே தெரு முழுவதும் அதனோடு சேர்ந்து ஐம்பது மீட்டர் வடக்கே நகர்ந்தது.

முதல் நாள், காரிலிருந்து தெற்கே ஐம்பது மீட்டரை மட்டும் எண்ணி, கதவின் நிறத்தைப் பார்க்காமல், ஒல்மான் வீட்டில் ஒரு பெட்டியை இறக்கிவிட்டுப் போனார்கள். திறந்தால் மூன்றடுக்குக் கேக். இளஞ்சிவப்புக் கிரீமில், "பதினைந்தாம் பிறந்தநாள் வாழ்த்துகள், இளவரசியே" என்று எழுதியிருந்தது. ஒல்மானுக்கு அறுபத்தெட்டு வயது. யாருடையது என்று யோசித்து, நிதியாவின் பேத்திக்குப் பதினைந்து ஆகிறதே என்று ஞாபகம் வந்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தார். மறுநாள் ஒரு சின்ன மருந்துப் பொட்டலம் வந்தது. தன் கண்ணுக்கு யோர்லேனி அனுப்பிய சொட்டு மருந்து என்று நினைத்து, பிரிக்காமல் குளிர்பெட்டியில் வைத்தார்.

மூன்றாம் நாள் நிதியா வாசலில் வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது. அவள் எல்லோரையும் தங்கமே என்றுதான் கூப்பிடுவாள். கோபத்திலும் அதை விடமாட்டாள்.

"என் தங்கமே, என் இன்சுலின் உங்க வீட்லயா இருக்கு?"

ஒல்மான் பொட்டலத்தை எடுத்துப் பெயரைப் படித்தார். இரண்டு கையாலும் அதை நீட்டினார்.

"மன்னிச்சிடுங்க தோன்யா நிதியா. என் கண் மருந்துன்னு நினைச்சுட்டேன்."

"சர்க்கரைக்காரிக்கு மருந்தை நிறுத்திட்டு மூணடுக்குக் கேக்கைக் கொண்டுவந்து கொடுத்திருக்கீங்களே, தங்கமே! தீர்த்துக்கட்டணும்னா நேராச் சொல்லியிருக்கலாமே!"

அவளை நாற்காலியில் உட்காரவைத்து, ஊசி போட்டுக்கொள்ளத் தண்ணீரும் துணியும் கொடுத்து, தலைசுற்றல் நிற்கும்வரை விசிறினார். போகும்போது அவள் அவர் தோளைத் தட்டி, "அவ இருந்திருந்தா இந்த வண்டி இடம் மாறியிருக்காது" என்றாள். தப்பாகச் சொல்லவில்லை. ஆனாலும் அவருக்கு அது கேக்கைவிடக் கனத்தது.

கார் அன்றே திரும்பி வந்தது. உடம்பெல்லாம் ஒரு நீலம், கதவு வேறொரு நீலம்.

"டப்பாவுல வான்நீலம்னுதான் போட்டிருந்துச்சு" என்றார் வாக்னர்.

"எந்த ஊர் வானம்?"

வாக்னர் கதவைப் பார்த்தார். "கார்த்தாகோ வானமா இருக்கும். எப்பவும் மழைதானே அங்க."

மிச்சமிருந்த அரை டப்பா பெயிண்டையும் ஒல்மானிடமே கொடுத்துவிட்டார். விலை முப்பது லட்சத்துக்கு இறங்கியது.

அந்த விலைக்கு சான் ஹோசேயிலிருந்து ஒருவர் வந்தார். கண்ணாடி போட்டவர், நல்ல சட்டைக்காரர். "ஓட்டிப் பார்க்கலாமா?" என்றார். வாக்னர் ஓட்ட உட்கார்ந்தார். இருக்கையை நகர்த்தக் கூடாதாகையால் இரண்டு முழங்காலும் ஸ்டீயரிங்கின் இருபுறமும் காது மாதிரி நின்றன. ஒல்மான் தன் இடத்தில். வாங்க வந்தவர் பின்னால்.

திரையில், இன்னும் இருபத்திரண்டு கிலோமீட்டர் ஓடும் என்று காட்டியது. சார்ஜர் அலமாரியில் இருந்ததால் அவ்வளவுதான் மிச்சம். வாக்னர் ஓரோசிப் பள்ளத்தாக்கை நோக்கி இறக்கத்தில் விட்டார். இருபத்திரண்டு இருபத்தைந்தாகியது. பிறகு இருபத்தெட்டு.

"என்னங்க இது, ஓட ஓட ஏறுது!" என்றார் பின்னால் இருந்தவர்.

"அதுதாங்க மின்சாரக் கார். பெட்ரோல் வண்டி ஓட ஓடக் குறையும். இது சம்பாதிச்சுக்கிட்டே போகும்."

"அது இறக்கத்துல..." என்று ஆரம்பித்தார் ஒல்மான்.

"தோன் ஒல்மான், பூ எவ்வளவு அழகா பூத்திருக்கு பாருங்க" என்றார் வாக்னர்.

கீழே போய்ச் சேரும்போது முப்பத்தொன்று. அந்த சந்தோஷத்தில் மூவரும் ஆற்றங்கரைக் கடையில் காப்பி குடித்தார்கள். வாங்க வந்தவரே காசு கொடுத்தார். முப்பது லட்சத்துக்கு சம்மதம், நாளைக்கே வக்கீலிடம் போகலாம் என்றார். ஒல்மானின் கண்ணுக்குள் வெள்ளைப் பளிங்கு பளபளத்தது. அதனால்தானோ என்னவோ, வாழ்க்கையில் முதல்முறையாக, தெரிந்த ஒன்றைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு ஒரு மிடறு காப்பி குடித்தார்.

திரும்ப ஏறும்போது முப்பத்தொன்று இருபதாகியது. இரண்டாவது வளைவில் பதினொன்று. அதற்கப்புறம் எண்ணே காட்டாமல், எண் இருந்த இடத்தில் மூன்று சின்னக் கிடைக்கோடு போட்டது. பிறகு திரையில் ஒரு ஆமைப் படம் வந்தது.

"அது என்ன ஆமை?" என்றார் பின்னால் இருந்தவர்.

"நம்ம கடற்கரை ஆமைங்க. அழகுக்குப் போட்டிருப்பாங்க" என்றார் வாக்னர்.

ஆமை வந்த அரை நிமிடத்தில் கார் நின்றுவிட்டது. பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும் அழகான இடம். யாரும் பார்க்கவில்லை. அறுவடைக் காலமாதலால் காப்பிப் பழம் ஏற்றிய லாரி ஒன்று வந்து, கயிறு கட்டி இழுத்தது. முதல் இழுப்பிலேயே முன்பக்கத் தகடு கழன்று கயிற்றோடு போய்விட்டது; மறுபடி அடியில் கட்டித்தான் கார் மேலே வந்து சேர்ந்தது. சான் ஹோசேக்காரர் பேருந்தில் ஏறும்போது திரும்பி, "சும்மா கொடுத்தாலும் வேண்டாம்" என்றார்.

"எனக்கு அங்கேயே தெரியும்ங்க. இறக்கத்துல சேர்த்ததையெல்லாம் ஏத்தத்துல அது குடிச்சுடும். காப்பி குடிக்கும்போதே சொல்லியிருக்கணும். என் மேலதான் தப்பு" என்றார் ஒல்மான்.

பேருந்துக் கதவு மூடிக்கொண்டது. அவர் சொன்னது அந்த ஆளுக்குக் கேட்டதா தெரியவில்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை ஒல்மான் பாவசங்கீர்த்தனக் கூண்டில் வழக்கத்தைவிட அதிக நேரம் இருந்தார்.

டிசம்பர் பிறந்தது. வீடுகளில் சோளமாவைப் பொதிந்து தமால் அவிக்க வாழையிலை வாட்டும் வாசனை வந்தது. வரி கட்ட முப்பத்தொன்றாம் தேதிதான் கடைசி. அப்போது அலஹுவேலாவிலிருந்து ஒருவர் அழைத்தார். பழைய மின்சாரக் கார்களை உடைக்கிறவர்.

"எட்டு கோடுன்னா சூரிய சக்தி வீடுகளுக்கு அந்த பேட்டரி போதும். பேட்டரியை எடுத்துக்கிட்டு மிச்சத்தை நசுக்கிடுவோம். ஒன்பது லட்சம் தர்றேன். சனிக்கிழமை வண்டியோட வர்றேன்."

"நசுக்குறதுன்னா?"

"இத்தனூண்டா ஆகிடும்ங்க" என்றார் அவர் உற்சாகமாக.

பளிங்குக்கு எட்டரை. வக்கீல் செலவுக்கு மிச்சம். எல்லாம் சரியாக வந்தது. ஒல்மான் சரி என்று சொல்லிவிட்டு, தொலைபேசியை வைத்தபிறகும் அதன்மேல் கையை வைத்தபடியே நின்றார்.

செய்தி தெரிந்ததும் தெருவே நிதியாவின் கடையில் கூடியது. ஒல்மான் உப்பு வாங்கப் போனவர், வாசலிலேயே குரல்களைக் கேட்டு நின்றுவிட்டார்.

"கார் போயிட்டா நம்ம விலாசம் என்ன ஆகிறது?"

"என் பட்டறையை வெச்சுக்கலாமே. எவ்வளவு பெரிய பலகை மாட்டியிருக்கேன்" என்று வாக்னர் சொன்னது கேட்டது.

"உங்க பலகையில பாதி எழுத்து இல்லையே, தங்கமே."

கொஞ்சம் சண்டை, கொஞ்சம் சிரிப்பு. பிறகு கை தூக்கினார்கள். வாக்னர் பட்டறை ஜெயித்தது. தாமாரிஸ் பெயரை யாரும் சொல்லவில்லை. கார், கார் என்றுதான் சொன்னார்கள். ஒல்மான் உப்பு வாங்காமலே திரும்பினார். அன்று சாப்பாட்டில் உப்பு இல்லை. அவருக்கு அது தெரியவும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை, தூறலில் குடையோடு எலியெத் வந்தாள். கோயிலிலிருந்து படுக்கையில் கிடப்பவர்களுக்கு நற்கருணையும், தூக்குப் பாத்திரத்தில் சாப்பாடும் கொண்டுபோகிறவள். ஐம்பது வயது. குள்ளம். பாவாடை ஓரம் முழங்கால்வரை நனைந்திருந்தது.

"தோன் ஒல்மான், கார் ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் போகும்?"

"மேடு ஏறாட்டி எழுபது, எண்பது கிலோமீட்டர். மேடு ஏறினா என்னைக் கேட்காதீங்க. எட்டு கோடுதான் இருக்கு. கதவு வேற நீலம். முன்தகடு கிடையாது. டயர் தட்டை. வரி கட்டலை." ஒன்றுவிடாமல் சொன்னார்.

"எனக்குப் பதினொரு வீடு. போக வர எல்லாம் சேர்த்துப் பதினாலு கிலோமீட்டர். மேடே கிடையாது." கைப்பையிலிருந்து ஒரு உறையை எடுத்தாள். "ஞாயித்துக்கிழமை கோயில் வாசல்ல தமால் வித்தோம். இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் சேர்ந்துச்சு. அது ஒரு விலையில்லைன்னு தெரியும். கேட்காம இருந்தா மனசு கேட்காதுன்னு வந்தேன்."

"நாளைக்கு ஆள் வர்றாரு எலியெத். ஒன்பது லட்சம். பளிங்குக்கு வேணும்."

"அப்படின்னா அதுதான் சரி. தோன்யா தாமாரிஸுக்குச் செய்யவேண்டியதுதானே முதல்ல." அவள் உறையை உள்ளே வைத்தாள். முகத்தில் வருத்தம் இருந்தது, கோபம் இல்லை. "ஒரு நிமிஷம் உட்கார்ந்து பார்த்துக்கட்டுமா? ஆசைக்கு."

ஒல்மான் கதவைத் திறந்துவிட்டார். எலியெத் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். கால் பெடலை எட்டியது. கை ஸ்டீயரிங்கை எட்டியது. எட்டு மாதமாக யாருக்கும் பொருந்தாமல் காத்திருந்த இருக்கை அது.

"சீட்டை நகர்த்தணுமா?" என்று கேட்டார்.

"வேண்டாம். எனக்காகவே வெச்ச மாதிரி இருக்கு."

கண்ணாடியில் கறுப்பு மாதா இருந்தாள். ஒல்மான் சுற்றிக்கொண்டு போய்த் தன் பக்கத்துக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் மழையைப் பார்த்தார்கள்.

"அந்த உறையில டயர் வாங்கிக்குங்க" என்றார் ஒல்மான். "காருக்கு எனக்கு எதுவும் வேண்டாம்."

பெயர் மாற்ற வக்கீலுக்கு எழுபதாயிரம் ஆனது. அதையும் அவரே கொடுத்தார். அலஹுவேலாக்காரர் தொலைபேசியில் நன்றாகத் திட்டினார், அதையும் கேட்டுக்கொண்டார். வாக்னர்தான் தாங்கமுடியாமல் பின்னாலேயே நடந்தார்.

"தோன் ஒல்மான், ஒன்பது லட்சம்!"

"ம்."

"பளிங்கு!"

"ம்."

"காரை வித்துட்டுக் கைக்காசு கொடுத்தவரை நான் இன்னைக்குத்தான் பார்க்கிறேன்."

யோர்லேனியிடம் தொலைபேசியில் சொன்னார். "மொத்தமா நட்டம் எவ்வளவு தெரியுமாப்பா?" என்றாள். பிறகு, "சரி விடுங்க, நான் போடப்போறதில்லை அந்தக் கணக்கை" என்றாள்.

மின்சாரக் கார் போவதில் ஒரு கொடுமை உண்டு. சத்தமே இருக்காது. புது டயரும் முழுச் சார்ஜுமாக, எலியெத் கையசைத்துவிட்டுக் கிளம்பினாள். ஒல்மான் வாசலில் நின்று காது கொடுத்துக் கேட்டார். ஒன்றும் கேட்கவில்லை. மூலை திரும்பியது, அவ்வளவுதான். வேறு வண்டியாக இருந்தால் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறையாவது மிஞ்சியிருக்கும். இது ஒரு சொட்டுகூட விட்டுவைக்கவில்லை. சுற்றிலும் ஈரம், நடுவில் காய்ந்த ஒரு நீள்சதுரம். தூறல் அதையும் மெல்ல மெல்ல நனைத்து அழித்தது.

மறுநாள் மிச்சமிருந்த அரை டப்பா பெயிண்டையும் ஒரு தூரிகையையும் எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். 114-க்குக் கீழே மண்டியிட்டு, 'தாமாரிஸ் உமான்யா' என்று அவள் பிறந்த வீட்டுப் பெயரோடு எழுதினார். சிமெண்டு மழையில் ஊறியிருந்தது. அவர் வாசல் கேட்டை அடைந்து திரும்பிப் பார்ப்பதற்குள் எழுத்துகள் கரைந்து வழிய ஆரம்பித்துவிட்டன. 114 மட்டும் அசையாமல் நின்றது.

"இவ்வளவுதான் முடிஞ்சுது, மன்னிச்சிடு" என்று கேட்டருகே நின்றபடியே சொல்லிவிட்டு வந்தார்.

கிறிஸ்துமஸ் போனது. ஜனவரியில் வெயில் வந்தது. ஒரு காலை, கார் இல்லாததால் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து அதே இடத்தில் போட்டு, காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார் ஒல்மான். ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பெரிய தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு இறங்கினாள் நாற்பது வயதுப் பெண் ஒருத்தி. முதுகில் மருந்துக்கடைப் பை. கடற்கரைப் பக்கத்துப் பேச்சு.

கையிலிருந்த சீட்டைப் பார்த்து, வாய்விட்டு, ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள்.

"'தோன்யா தாமாரிஸின் கார் இருந்த இடத்திலிருந்து தெற்கே ஐம்பது மீட்டர், பச்சைக் கதவு.' ஐயா, அந்த இடம் எதுங்க?"

கோப்பை ஒல்மானின் கையிலேயே நின்றது.

"இதுதான்" என்றார். "நான் உட்கார்ந்திருக்கிற இடம்."

"அப்பாடா! வாக்னர் பட்டறைன்னு ஒருத்தர் சொன்னாரு, அது யாருக்குமே தெரியலை."

"இது... தோன்யா நிதியா எழுதிக் கொடுத்ததா?"

அவள் பையைத் திறந்து காட்டினாள். உள்ளே எட்டுப் பத்துப் பொட்டலங்கள். "அவங்க மட்டுமா? இந்தத் தெருவுல எல்லாச் சீட்டுலயும் இப்படித்தான் அச்சடிச்சிருக்கு."

"உங்களுக்குத் தாமாரிஸைத் தெரியுமா?"

அவள் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டே சிரித்தாள். "எங்கங்க தெரியும்? நான் லிமோன்லேருந்து வந்தே ஒரு வாரம்தான் ஆச்சு. ஆனா இந்த ஊர்ல நான் முதல்ல மனப்பாடம் பண்ணின பேரு அவங்க பேருதான்."